ஆறு உருட்டிய கார்னெட்: திருவட்டாற்றுச் சரளையிலிருந்து மோதிரம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் அகேட்டை மறந்துவிட வேண்டும். வரிவரியாக நிறம் மாறும் அந்தக் கல், எரிமலைக் குழம்பு இறுகும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயுக் குமிழிகளில் பிற்பாடு சிலிக்கா படிந்து உருவாவது. அதற்கு தக்காணத்து பசால்ட் பாறை வேண்டும். குஜராத்தில் ரத்தன்பூரிலும் கம்பாத்திலும் அகேட் தொழில் தழைத்ததற்கு அந்தப் பாறைதான் காரணம். கல்மரமும் இங்கே கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்கோ, பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்கோ போக வேண்டும். இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். கண்ணால் பார்க்கலாம், ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

நம் ஊர்ப் பாறையின் கதையே வேறு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை இது. அந்த வேக்காட்டில் விளைந்ததுதான் கார்னெட் என்ற சிவப்பு மணிக்கல். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளின் அஸ்திவாரக் கல்லை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறக் கல்லில் மிளகு அளவிலும் கடலை அளவிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான். நாம் தினமும் சாய்ந்து உட்காரும் திண்ணையிலேயே இருக்கிற கல்லை, விலை கொடுத்து வெளியூரிலிருந்து வாங்குவானேன் என்பதுதான் என் ஆசையின் தொடக்கம்.

ஆனால் பாறையில் இருக்கும் கார்னெட்டை உடைத்து எடுத்து வெட்டலாம் என்று நினைத்தால் கையில் தூள்தான் மிஞ்சும். பாறை மேலே எழும்பி வரும்போது அழுத்தம் குறைந்து, கார்னெட் முழுக்க விரிசல் ஓடியிருக்கும். சுத்தியலால் தட்டினால் சில்லு சில்லாக உதிர்ந்துவிடும். கிரஷருக்குப் போகும் கல்லில் எவ்வளவு பெரிய மணி இருந்தாலும் சரி, நூற்றில் ஒன்றுகூட இயந்திரத்தின் அதிர்வைத் தாங்காது.

இங்கேதான் ஆறு நமக்கு வேலை செய்து தருகிறது. மலையிலிருந்து உருண்டு வரும் வழியில் விரிசல் உள்ள கல்லெல்லாம் உடைந்து மணலாகிவிடும். உடையாமல் உருண்டு வருவது உள்ளே திடமாக இருக்கும் கல் மட்டும்தான். மேல்பக்கம் மழுங்கி, அழகில்லாமல், கருப்பாகத் தெரியும் அந்த உருண்டைக் கல்தான் வெட்டத் தகுந்தது. இந்த மாவட்டத்தில் கல் வெட்ட ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: பாறையை உடைக்காதீர்கள், ஆறு சலித்துப் போட்ட சரளையைப் பாருங்கள்.

அதற்காக ஆற்றில் இறங்கித் தோண்டச் சொல்லவில்லை. ஆற்றுப் படுகையில் கை வைக்கக் கூடாது. மேலே மலைக்காட்டின் பெரும்பகுதி 2008-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது. அங்கே ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கடற்கரையும் அப்படித்தான். முட்டத்திலும் மணவாளக்குறிச்சியிலும் அலை ஒதுக்கிய கரையில் கருப்பும் சிவப்புமாக மணல் பட்டை போட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கடற்கரைத் தாது மணல் அணுக் கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. 2013-இல் தமிழக அரசு அதற்குத் தடை போட்டதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அள்ளினாலும் பயனில்லை, மணி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு வழி கிடைத்தது மாமா வீட்டுக் கிணற்றில். திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் அவருடைய விளை, அதாவது தோட்டம். கோதையாறும் பரளியாறும் கூடும் மூவாற்றுமுகம் அங்கிருந்து தூரமில்லை. கோடையில் வற்றிய கிணற்றை ஆழப்படுத்தியபோது செம்மண்ணுக்கும் சரலுக்கும் கீழே ஒரு அடுக்கு உருளைக்கல் வந்தது. ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம். ஆள்கள் அதை அள்ளி ரப்பர் மரங்களுக்கு நடுவே கொட்டியிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் என்னும் குவார்ட்ஸ், பாறைத்துண்டு, இடையிடையே கருப்பு உருண்டைகள். நான் குத்தவைத்து அலசுவதைப் பார்த்து மாமா, "கல்லுக்கு உள்ள கல்லு தேடுதியா மக்கா? எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ, எனக்கு இடமாவது மிஞ்சும்" என்றார். அனுமதியும் ஆயிற்று.

மேஸ்திரியிடம் இருந்த மணல் சல்லடையில் சரளையைச் சலித்து, பொடியைத் தள்ளிவிட்டு, பெரியதை வாளித் தண்ணீரில் கழுவிச் சாக்கில் பரப்பினேன். வெயிலில் பார்த்தால் கார்னெட்டும் கருப்புதான், காந்தம் பிடிக்கும் இரும்புத்தாதுவும் கருப்புதான். கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதன் மேல் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். மற்றக் கல்லெல்லாம் கருப்பாகவே இருக்கும். கார்னெட் என்றால் ஓரத்தில் மட்டுமாவது ஒயின் சிவப்பு கசியும்.

அடுத்தது விரிசல் பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு காயும்வரை பாருங்கள். மேற்பரப்பு சட்டென்று காய்ந்து மங்கும். விரிசலுக்குள் போன தண்ணீர் உடனே காயாது. மயிரிழை போல ஈரக்கோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம்தான் மறையும். கல்லின் குறுக்கே முழுதாக ஓடும் கோடு தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். ஓரத்தில் மட்டும் இருந்தால், அந்த ஓரத்தைத் தேய்த்துத் தள்ளிவிட்டு மீதியை வெட்டலாம்.

கார்னெட்தானா என்று உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். ஒன்று காந்தம். சாதாரண காந்தம் உதவாது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நியோடிமியம் காந்தம் வேண்டும். சின்ன தெர்மாகோல் துண்டின் மேல் கல்லை வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், இரும்புச் சத்துள்ள அல்மண்டைன் கார்னெட் படகோடு சேர்ந்து மெதுவாக நகர்ந்து வரும். கண்ணாடித் துண்டு வராது.

இன்னொன்று அடர்த்தி. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதலில் கல்லை அப்படியே நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு. நான் வெட்டத் தேர்ந்தெடுத்த கல் 6.42 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டபோது 1.58. வகுத்தால் 4.06. அல்மண்டைன் கிட்டத்தட்ட 4-ஐ ஒட்டித்தான் இருக்கும், குவார்ட்ஸ் என்றால் 2.65. சிவப்புக் கண்ணாடியோ செம்பளிங்கோ என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். கடையில் விற்கும் கல் தீட்டும் இயந்திரங்களின் விலை என் கைக்கு எட்டாதது. வீட்டில் ஓய்ந்துபோய்க் கிடந்த பழைய மாவு கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றினேன். நிமிடத்துக்கு 1440 சுற்று. கல்லைத் தேய்க்கும் எட்டு அங்குலத் தட்டுக்கு இந்த வேகம் அதிகம், தண்ணீரையெல்லாம் முகத்தில் அடித்துவிடும். மோட்டாரில் 2 அங்குல புல்லி, தட்டின் தண்டில் 5 அங்குல புல்லி, நடுவில் வி-பெல்ட். தட்டு 576 சுற்றுக்கு இறங்கியது. இருபது மில்லிமீட்டர் தண்டு, அதைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக், மேலே தட்டு உட்காரும் அலுமினிய வட்டம் எல்லாம் கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். தட்டு ஆடாமல் சுற்றுவதுதான் இதில் உயிர்நாடி. தண்டு கால் மில்லிமீட்டர் ஆடினாலும் கல் துள்ளும், துள்ளினால் ஓரம் சிதறும். லேத்காரரிடம் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் விடுவதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட்டைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு பாட்டிலைச் சுவரில் மாட்டி, குழாயைத் தட்டின் நடுவுக்கு மேலே நிறுத்தி, உருளையை நகர்த்திச் சொட்டின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தெறிக்கும் தண்ணீரைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் பேசினின் நடுவில் ஓட்டை போட்டுத் தண்டைச் சுற்றி மாட்டினேன். மோட்டாரைத் தள்ளிவைத்து, பெல்ட்டுக்கும் பேசினுக்கும் நடுவே பலகை அடித்தேன். தண்ணீரும் மின்சாரமும் பக்கம் பக்கமாக இருக்கிற வேலை என்பதால் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது. இன்னொன்றும் உண்டு. கல்லை ஒருபோதும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது. கல்குவாரிகளில் வேலை செய்து சிலிகோசிஸ் வந்தவர்களின் துன்பம் தெரிந்தவர்கள் இதில் அலட்சியம் காட்ட மாட்டார்கள். தண்ணீர் நின்றால் கையும் நிற்க வேண்டும். முகக்கவசமும் போட்டுக்கொள்கிறேன்.

கார்னெட்டை எப்படி வெட்டுவது என்று முடிவு செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அல்மண்டைனின் நிறம் அவ்வளவு அடர்த்தி. எட்டு மில்லிமீட்டர் தடிமனில் குமிழாகத் தீட்டினால் அசல் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, கருப்புப் பொத்தானாகத்தான் இருக்கும். பழைய காலத்துக் கார்னெட் நகைகளில் கல்லின் அடிப்பக்கத்தைக் கிண்ணம் போலக் குடைந்திருப்பார்கள். மேலே குமிழ், கீழே குழி. ஒளி ஊடுருவிப் போகிற தடிமன் குறைவதால் சிவப்பு பொங்கிவரும். நானும் அதையே செய்வதென்று எடுத்துக்கொண்டேன். நீளம் 14, அகலம் 10 மில்லிமீட்டரில் நீள்வட்டம், உயரம் 5, அடியில் 2 மில்லிமீட்டர் குழி.

முதலில் அடிப்பக்கம் தட்டையாக வேண்டும். தண்ணீர்த் தொட்டியோடு வரும் மேஜை டைல்ஸ் கட்டரில், விளிம்பு வெட்டில்லாத டைமண்ட் பிளேடு போட்டு அறுத்தேன். உருண்டைக் கல்லை விரலால் பிடித்து அறுப்பது ஆபத்து, பிளேடு பிடுங்கிக்கொள்ளும். தீப்பெட்டிக்குள் சிமென்ட் கலவையை ஊற்றி அதில் கல்லைப் பாதி புதைத்து, இறுகியபின் அந்தக் கட்டியோடு சேர்த்துப் பிடித்து அறுத்தால் கல் அசையாது. அழுத்தாமல், பிளேடு தானாகத் தின்றுகொண்டு போகும் வேகத்திலேயே நகர்த்த வேண்டும்.

அறுத்த முகத்தில் நீள்வட்டம் வரைய அலுமினியக் கம்பித் துண்டு போதும். பேனா மை தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு போகாது.

கல்லைக் குச்சியில் ஒட்டுவதற்கு அரக்கு. நம் ஊரில் இதற்கு எங்கும் தேடி அலைய வேண்டாம். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் பட்டறைகளில் அரக்கு இல்லாத மேசை கிடையாது. அந்தக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எனக்குப் பழக்கமான ஆசாரி அண்ணன் ஒரு கட்டி கொடுத்தார். ஒட்டும் விதத்தையும் சொல்லித் தந்தார். அரக்கை மட்டும் உருக்கிக் குளிர்ந்த கல்லில் வைத்தால் ஒட்டியது போல இருந்து பாதி வேலையில் கழன்றுவிடும். கல்லும் சூடாக இருக்க வேண்டும். தகரத் தட்டில் கல்லை வைத்து அடியில் மெழுகுவத்தியை எரியவிட்டு, கல்லின் மேல் வைத்த அரக்குத் துணுக்கு தானாக இளகும்வரை காத்திருந்து, அப்போது குச்சியை வைத்து அழுத்தி, ஈர விரலால் சுற்றிலும் அரக்கை மேடு கட்ட வேண்டும். கழற்றும்போது உறைபெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் அரக்கு மொறுமொறுப்பாகி, லேசாகத் திருகினாலே விட்டுவிடும்.

180 டைமண்ட் தட்டில் வடிவம். எண் கூடக் கூடத் தட்டின் துகள் நுண்மையாகும். முதலில் கோட்டுவரை சுற்றிலும் தேய்த்து நீள்வட்டமாக்க வேண்டும். அப்புறம் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட்டுக் கல்லைச் சாய்த்து ஒரு சரிவு, அதற்கு மேலே இன்னும் படுத்தாற்போல ஒரு சரிவு, கடைசியில் உச்சி. இந்தச் சரிவுகளின் முனைகளை உருட்டி உருட்டி எடுத்தால் குமிழ் வந்துவிடும். மணிக்கட்டு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். தட்டைத் தட்டில் ஒரு நொடி நின்றாலும் கல்லில் ஒரு முகம் விழுந்துவிடும்.

360, 600, 1200, 3000 என்று தட்டு மாற்றிக்கொண்டே போவதில் சொல்ல அதிகமில்லை. பொறுமைதான் வேண்டும். 600-க்கு மேலே போகும்போது தட்டுக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் வைத்தால் வளைவுக்கு ஏற்ப அது அமுங்கிக் கொடுக்கும். தட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கை, நகக்கண், குச்சி, பேசின் எல்லாம் கழுவியாக வேண்டும். அரக்கின் மடிப்பில் ஒளிந்திருக்கும் 180-இன் ஒரே ஒரு துகள் 3000 தட்டில் விழுந்தால் போச்சு.

கீறல் பார்ப்பதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பளபளப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. ஈரமாக இருக்கும் கல் எப்போதும் பளபளவென்றுதான் தெரியும். தண்ணீர் கீறலை நிரப்பி மறைத்துவிடுகிறது. துடைத்து, ஊதி, முழுக்கக் காயவைத்து, ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கார்னெட்டின் கருமையில் 360 விட்ட கோடு ஒன்று ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளியாக மின்னும், கோணம் மாறினால் காணாமல் போகும். அதைப் பார்த்துவிட்டால் மேலே போகக் கூடாது, ஒரு தட்டு கீழே இறங்கி வர வேண்டும். 1200-இல் போகாத கீறல் 3000-இல் போகவே போகாது. ஓரத்துக்கு மேலே, சரிவு தொடங்கும் இடத்தில்தான் கீறல் அதிகம் தங்குகிறது. கை இயல்பாகவே உச்சியைத்தான் தேய்க்கிறது.

கடைசிப் பளபளப்புக்குத் தோல் தட்டில் 14000 டைமண்ட் பேஸ்ட். கண்ணாடிக்கும் குவார்ட்ஸுக்கும் பயன்படும் சீரியம் ஆக்சைடு கார்னெட்டில் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அதே சரளையில் கிடைத்த புகைநிறக் குவார்ட்ஸ் துண்டு ஒன்றை சீரியத்தில் தீட்டினேன், கண்ணாடி போல வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் கண்டறிந்த மோனசைட் என்ற தாதுவில் தோரியத்தோடு கூட இருக்கும் அருமண் தனிமங்களில் அதிகம் இருப்பது சீரியம்தான். அந்தக் குவார்ட்ஸின் பழுப்பு நிறமும், சுற்றியிருக்கும் பாறையின் இயற்கைக் கதிரியக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பட்டுப்பட்டு வந்ததுதான். அதிகச் சூடு பட்டால் அந்த நிறம் போய்விடும். அதனால் புகைப்படிகத்தை அரக்கில் ஒட்டும்போது மெழுகுவத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கேஸ் டார்ச் வேண்டாம்.

குடைவதற்கு மைக்ரோ மோட்டாரில் டைமண்ட் உருண்டை பிட். கல்லைத் தலைகீழாகக் குச்சியில் ஒட்டி, தட்டில் ஊற்றிய தண்ணீருக்குள் வைத்தே குடைந்தேன். நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும். அடிக்கடி டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தால் நிறம் திறப்பது தெரியும். முதலில் ஓரம் மட்டும் சிவந்தது. அப்புறம் நடுவில் பழுப்பு கலந்த ஒரு வட்டம். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியதும் முழுக் கல்லும் மாதுளை முத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளே நுண்ணிய ஊசிகள் சில குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதும் தெரிந்தது. இவை ரூட்டைல் ஊசிகளாக இருந்து, ஒழுங்காக அடுக்கியும் இருந்தால், குமிழின் மேல் நட்சத்திரம் விழும். இந்தியாவிலும் அமெரிக்காவின் ஐடகோவிலும் அப்படிப்பட்ட கார்னெட் கிடைக்கிறது. என் கல்லில் அந்த ஒழுங்கு இல்லை.

தட்டில் சேரும் சகதியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து கெட்டியாகிவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, அடிச்சகதியைக் காயுமுன் ஈரத்தோடேயே பழைய பையில் கட்டிப் போட்டுவிடுகிறேன்.

கல்லை ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயில் நகையில் அவர் பதிப்பது சின்னச் சின்ன கெம்புக்கல். அடியில் தகடு வைத்து மூடிப் பதிப்பதுதான் அவர் வழக்கம். நான் அடியைத் திறந்துவிடச் சொன்னேன். "திறந்து விட்டா விரல் அழுக்கு உள்ள போவும் தம்பி, பத்து நாள்ல மங்கிரும். வெள்ளித் தகடு மினுக்கி உள்ள வெச்சுத் தாறேன், பாரு" என்றார். சரி என்றேன். நகைக்காரர் சொன்னதுதான் சரியாக இருந்தது. குழியில் உட்கார்ந்த மினுக்கிய வெள்ளி, உள்ளே போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திறந்து விட்டிருந்தால் விரலின் நிழல்தான் தெரிந்திருக்கும். மனைவி அதைத்தான் இப்போது விரலில் போட்டிருக்கிறாள்.

மோதிரத்தைக் கொடுக்கும்போது அவர், "இதே நெறத்துல ரெண்டு கொண்டா, கம்மல் பண்ணுவோம்" என்றார். கேட்க எளிது. சரளையில் ஒரே நிறத்தில் இரண்டு கல் கிடைப்பது அரிது. டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று ஊதா பக்கம் சாயும், இன்னொன்று பழுப்புப் பக்கம். அதனால் ஒரே கல்லை நடுவில் அறுத்து இரண்டாக்குவதுதான் வழி. அதற்கு விரிசல் இல்லாமல் குறைந்தது 12 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். பிளேடே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். மாமா விளையில் இன்னும் சலிக்காத குவியல் ஒன்று ரப்பர் மரத்தடியில் கிடக்கிறது. ஐப்பசி மழை ஒருமுறை கழுவிவிட்டால் தேடுவது சுலபமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.